வண்ண மலைப்பாம்புகளின் சந்தைக் கணக்கு

அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த பாப் கிளார்க், 1992இல் அல்பினோ பந்து மலைப்பாம்பை முதன்முதலாக வளர்ப்பிலேயே பொரிக்க வைத்தார். கரும்பழுப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் வெண்மை, திட்டுகள் எலுமிச்சை மஞ்சள், கண்கள் சிவப்பு. அப்போது அப்படி ஒரு குட்டியின் விலை பல ஆயிரம் டாலர். இன்று அதே அல்பினோ நூறு, நூற்றைம்பது டாலருக்குக் கிடைக்கிறது. 1997இல் பீட்டர் கால் வளர்ப்பில் பெருக்கிக் காட்டிய பைபால்ட், 2000களின் தொடக்கத்தில் வந்த பனானா என ஒவ்வொரு நிற வகையும் இதே சரிவில்தான் இறங்கியது. பாம்பின் அழகு ஒரு துளியும் குறையவில்லை. சரிவுக்குக் காரணம் மரபியல். எந்தப் பாம்பை எதனோடு சேர்ப்பது, எத்தனை பெட்டிகளை அடுக்குவது, எந்த ஊனத்தைப் பொறுத்துக்கொள்வது என்று இந்தத் தொழிலில் நடக்கும் பெரும்பாலானவற்றை அந்தச் சரிவுதான் தீர்மானிக்கிறது.

நம் காட்டு மலைப்பாம்பை மனதில் வைத்துக்கொண்டு பந்து மலைப்பாம்பைப் பார்ப்பவர் ஏமாந்துபோவார். நன்றாக வளர்ந்த பெண்ணே நான்கைந்து அடிதான். ஆண் இன்னும் சிறியது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் எலி வளைக்குள்ளும் கரையான் புற்றுக்குள்ளும் பகலைக் கழித்துவிட்டு இரவில் வெளியே வரும். மிரண்டால் பெரும்பாலும் கடிக்காது, தலையை நடுவில் புதைத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். வீட்டில் பாம்பு வளர்க்க ஆசைப்படுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? கானா, டோகோ, பெனின் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து பல பத்தாண்டுகளாக லட்சக்கணக்கில் ஏற்றுமதியாகி வருகிறது. சினைப்பட்ட பெண் பாம்புகளையும் வளைகளில் கிடக்கும் முட்டைகளையும் வயல்வெளிகளில் சேகரித்து, பண்ணையில் பொரிக்க வைத்து, குட்டிகளைக் கப்பலேற்றுவது அங்கே பழகிப்போன முறை. அதே பெனினில், விதா நகரத்தில், இந்தப் பாம்புக்குக் கோயில் இருக்கிறது. அங்கே அது தெய்வம். யாரும் அதைத் துன்புறுத்த மாட்டார்கள். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021 மதிப்பீட்டில் இந்த இனத்தை ‘அச்சுறுத்தலை நெருங்கும்’ நிலையில் வைத்தது. காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் இது உண்டு. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது.

அத்தனை குட்டிகள் கைமாறும்போது அவற்றுக்குள் எப்போதாவது ஒன்று விநோதமாக இருக்கும். பாதி உடல் தூய வெள்ளையாக ஒன்று, கறுப்பும் சாம்பலும் மட்டுமே கொண்டு ஒன்று, கோடுகள் சிலந்தி வலைபோல் மெலிந்து ஒன்று. காட்டில் அவை பெரும்பாலும் பருந்துக்கு இரையாகியிருக்கும். இறக்குமதியாளர் கண்ணில் பட்டால் தனிப் பெட்டிக்குப் போகும். இப்படி ஆப்பிரிக்க மண்ணிலிருந்து வந்த ஒற்றைப் பாம்புகள்தான் இன்று சந்தையில் உள்ள அடிப்படை ‘மார்ஃப்’ எனப்படும் நிற வகைகள் பலவற்றுக்கும் மூதாதை. பெயர்களைக் கேட்டால் வைத்தவர்கள் பசி நேரத்தில் வைத்தார்களோ என்று தோன்றும்: பனானா, பட்டர், சின்னமன், சாக்லேட், டாஃபி, கேண்டி, ஷாம்பெயின்.

நிறம் எப்படி மாறுகிறது என்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பாம்பின் தோலில் மூன்று வகை நிறச் செல்கள் வேலை செய்கின்றன: மெலனின் தரும் கறுப்புச் செல், மஞ்சளும் சிவப்பும் தரும் செல், ஒளியைச் சிதறடிக்கும் நுண்படிகங்கள் நிறைந்த செல். மெலனின் உற்பத்தி நின்றுபோனால் மஞ்சளும் வெள்ளையும் எஞ்சும், அதுதான் அல்பினோ. மஞ்சள் காணாமல் போனால் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் போன்ற ஆக்ஸாந்திக். செல்களே தோலின் சில பகுதிகளுக்குப் போய்ச் சேராவிட்டால் பைபால்ட்.

வளர்ப்பாளருக்கு இதைவிட முக்கியமானது, அந்த மாற்றம் அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போகிறது என்பது. பள்ளியில் பட்டாணிச் செடியை வைத்துப் படித்த ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு இங்கே ரொக்கமாக மாறுகிறது. அல்பினோ ஒடுங்கு பண்பு. அல்பினோவைச் சாதாரணப் பாம்போடு சேர்த்தால் எல்லாக் குட்டிகளும் பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் அந்த மரபணுவின் ஒரு பிரதியைச் சுமக்கும். இவற்றை ‘ஹெட்’ என்கிறார்கள். இரண்டு ஹெட்டுகளைச் சேர்த்தால் நான்கில் ஒன்று அல்பினோ. மீதி மூன்றும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றில் இரண்டு ஹெட், ஒன்று வெறும் சாதாரணம். எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது. எனவே அந்தக் குட்டிகளைச் ‘66 சதவீத ஹெட்’ என்று விலை போட்டு விற்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, அதுவும் இருக்கலாம் இல்லாமலும் போகலாம் என்ற நிகழ்தகவாக, பணம் கொடுத்து வாங்கும் சந்தை இது. சமீப ஆண்டுகளில் உரித்த பாம்புச் சட்டையை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சில மரபணுக்களைச் சோதித்துக்கொள்ள வழி வந்திருக்கிறது. அதற்கு முன்பு விற்றவரின் வாய்ச்சொல்தான் சான்றிதழ்.

இன்னொரு வகை, ஒற்றைப் பிரதியிலேயே முகத்தைக் காட்டிவிடும். பேஸ்டல் அப்படிப்பட்டது: ஒரு பிரதி இருந்தால் நிறம் பளிச்சிடும், இரண்டு இருந்தால் இன்னும் வெளுக்கும், பின்னதைச் ‘சூப்பர்’ என்பார்கள். பாடநூல் மொழியில் முழுமையற்ற ஓங்குத்தன்மை. லெஸ்ஸர் என்ற வகையில் ஒரு பிரதி பழுப்பை மங்கச் செய்யும், இரண்டு பிரதிகள் சேர்ந்தால் நீலக் கண்ணுள்ள முழு வெள்ளைப் பாம்பு பிறக்கும். இத்தகைய வகைகளுக்கு முதல் தலைமுறையிலேயே பலன் தெரிந்துவிடும். அதனால் அவற்றின் விலை ஒடுங்கு வகைகளைவிட வேகமாக விழுகிறது.

விழுவது ஏன் என்பது இப்போது புரியும். விதைநெல் விற்பவருக்குள்ள சிக்கல்தான் இது. ஒரு ஜோடியைப் பத்தாயிரம் டாலருக்கு வாங்கியவர் அதைப் பார்த்து ரசிக்க வாங்கவில்லை. முட்டையிட வைத்து, குட்டிகளை விற்று, போட்ட பணத்தை எடுக்க வாங்கியிருக்கிறார். ஆண் ஓரிரு ஆண்டில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். பெண்ணுக்குச் சுமார் மூன்று ஆண்டு பிடிக்கும். ஒரு ஈட்டில் ஆறு முட்டை என்று வைத்துக்கொண்டால், சில ஆண்டுகளில் நேற்றைய வாடிக்கையாளர் இன்றைய போட்டியாளர். அவரிடம் வாங்கியவர் மறுநாள் போட்டியாளர். மரபணுவுக்குக் காப்புரிமை கிடையாது. ஒரு பாம்பை விற்றால் அதன் சந்ததி முழுவதையும் விற்றதாகவே கணக்கு.

விலை விழும்போது வளர்ப்பாளருக்கு இரண்டு வழிகள். ஆப்பிரிக்காவிலிருந்து புதிய விநோதம் ஏதாவது வருகிறதா என்று காத்திருக்கலாம், இது லாட்டரி. அல்லது கையில் இருப்பவற்றை ஒன்றோடொன்று கலக்கலாம். ஏறக்குறைய எல்லோரும் இரண்டாவது வழியில்தான் போகிறார்கள். அல்பினோவையும் ஆக்ஸாந்திக்கையும் ஒரே உடலில் கொண்டுவந்தால் ‘ஸ்னோ’ என்ற வெளிறிய பாம்பு. இதற்கு இரண்டு மரபணுவுக்கும் ஹெட்டாக உள்ள ஜோடியைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முட்டைக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. ஆறு முட்டை ஈட்டில் ஒரே ஒரு ஸ்னோவாவது வர வாய்ப்பு சுமார் 32 சதவீதம். மூன்று ஒடுங்கு பண்புகளை இதே முறையில் சேர்க்கப் போனால் அறுபத்து நான்கில் ஒன்று. ஆறு முட்டைகளில் ஒன்றாவது வர ஒன்பது சதவீதம்தான். அதிலும் பெண் பாம்பு எல்லா ஆண்டும் முட்டையிடுவதில்லை. ஐம்பத்தைந்து, அறுபது நாள் இன்குபேட்டரில் வைத்துக் காத்திருந்து, முட்டையின் தோலைக் கத்தரித்துப் பார்த்தால் உள்ளே சாதாரணப் பழுப்புத் தலை.

அந்தப் பழுப்புத் தலைகளைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை. ஒரு ஸ்னோவுக்காகப் பிறந்த மற்ற பதினைந்து பாம்புகளும் உயிருள்ளவைதான். இந்த இனம் வளர்ப்பில் முப்பது ஆண்டுகள் வாழ்வது சாதாரணம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 1961 முதல் இருந்துவந்த ஒரு பெண் பந்து மலைப்பாம்பு, அறுபது வயதைத் தாண்டிய நிலையில், 2020இல் முட்டையிட்டது. ஆண் பாம்பின் அருகிலேயே அது பல ஆண்டுகளாக இருக்கவில்லை என்பது வேறு வியப்பு. விலை மூன்று நான்கு ஆண்டுகளில் சரிகிறது, பாம்பு முப்பது ஆண்டுகள் எலி கேட்கிறது. செலவைக் கட்டுப்படுத்த அலமாரி இழுப்பறைகள் போன்ற பிளாஸ்டிக் பெட்டிகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பாம்பை வைக்கும் முறை பரவியது. வளைக்குள் ஒடுங்கி வாழும் பாம்புக்கு இதுவே நிம்மதி என்று ஒரு தரப்பு; உடலை முழுதாக நீட்டக்கூட முடியாத பெட்டியில் வாழ்நாளைக் கழிப்பதா என்று மறு தரப்பு. முதல் தரப்பின் வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் வளையில் வாழும் பாம்பு இரவானால் வெளியே கிளம்பும் என்பதை அந்த வாதம் வசதியாக மறந்துவிடுகிறது.

விலைச் சரிவின் இன்னொரு விளைவை நம் ஊர் விமான நிலையங்களில் பார்க்கலாம். நம் இந்திய மலைப்பாம்பு 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டுப் பாம்புகளுக்கு அப்படித் தடை இல்லாமல் இருந்தது. 2020இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், ஆவணம் இல்லாதவர்கள் தாமாக முன்வந்து பதிவு செய்துகொள்ள அவகாசம் கொடுத்தது. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, சைட்டிஸ் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்றானது. 2024 விதிகள் அதற்கான இணையதள நடைமுறையை வகுத்தன. பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாம் தெரிவிக்கப்பட வேண்டும். வெளிநாட்டில் குட்டி மலிவு, இங்கே முறைப்படி வரவழைப்பது கடினம், வாங்க ஆள் உண்டு என்ற மூன்றும் சேர்ந்தால் நடப்பது நடக்கிறது. 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பையில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் சிக்கின. பாங்காக்கிலிருந்து சென்னைக்கு வந்த பெட்டிகளிலும் பந்து மலைப்பாம்புகள் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. துளையிட்ட சிறு டப்பாக்களில் மூச்சடைத்து வந்தவற்றைப் பெரும்பாலும் வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புகிறார்கள்.

இந்தத் தொழிலுக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. அதுவும் பணக் கணக்கிலிருந்தே பிறந்தது. எந்த ஆணும் எந்தப் பெண்ணும் சேர்ந்தன, எத்தனை குட்டி, எத்தனை ஆண், எத்தனை பெண் என்று வளர்ப்பாளர்கள் துல்லியமாகக் குறித்து வைக்கிறார்கள். பனானா வகையில் விநோதமான ஒன்றை அவர்கள்தான் முதலில் கவனித்தார்கள். சில பனானா ஆண்களுக்குப் பிறக்கும் பனானாக் குட்டிகள் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கின்றன. வேறு சிலவற்றுக்குப் பெரும்பாலும் ஆணாகவே இருக்கின்றன. தாயிடமிருந்து பனானா மரபணுவைப் பெற்ற ஆண் முதல் வகை, தந்தையிடமிருந்து பெற்ற ஆண் இரண்டாம் வகை. பாம்புகள் எல்லாவற்றுக்கும் பறவைகளைப் போல, பெண்ணிடமே இருவேறு பால் குரோமோசோம்கள் இருக்கும் என்பதுதான் அப்போதைய பாடம். அந்தப் பாடப்படி இந்தக் கணக்கு ஒத்துவரவே வராது. மனிதர்களைப் போல ஆணிடம் எக்ஸ், ஒய் இருப்பதாக எடுத்துக்கொண்டால் உடனே பொருந்துகிறது: தாய் தந்தது எக்ஸ், அது மகள்களுக்குப் போகிறது, தந்தை தந்தது ஒய், அது மகன்களுக்குப் போகிறது. டோனி கேம்பிள் தலைமையிலான குழு 2017இல் போவாவிலும் பர்மிய மலைப்பாம்பிலும் எக்ஸ்-ஒய் முறை இருப்பதை மரபணு ஆய்வில் உறுதிப்படுத்தியது. விற்பனைக் குறிப்பேடுகள் பாடநூலை முந்திக்கொண்டன.

நிறங்களின் மரபணுக்களும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டு வருகின்றன. வளர்ப்பாளர்கள் அஞ்சலில் அனுப்பிய பாம்புச் சட்டைகளைக் கொண்டே அமெரிக்க ஆய்வாளர்கள் அல்பினோவுக்குக் காரணம் டைரோசினேஸ் மரபணுவில் உள்ள மாற்றங்கள் என்று 2022இல் காட்டினார்கள். மனிதர்களிடமும் அல்பினோ தன்மையை உண்டாக்கும் அதே மரபணுதான். பைபால்டின் வேர் டிஃபெக் என்ற மரபணுவில் இருப்பதைக் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு 2023இல் வெளியிட்டது. ஒரு பல்லி இனத்தில் அதே மரபணுவைக் கத்தரித்துப் பார்த்து உறுதியும் செய்தது.

இப்போது ஸ்பைடர். 1999இல் அமெரிக்காவில் முதலில் பெருக்கப்பட்ட வகை இது. உலகிலுள்ள ஸ்பைடர் பாம்புகள் அனைத்தும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரே பாம்பின் வழிவந்தவை என்பது வளர்ப்பாளர் வட்டாரத்தின் பதிவு. பொன்னிற உடம்பில் இழைபோன்ற கறுப்புக் கோடுகள். ஒரு பிரதியே போதும், பாதிக் குட்டிகள் ஸ்பைடராக வரும். வகைகளை ஒன்றோடொன்று கலக்க இதைவிட வசதியான மரபணு கிடையாது. ஆனால் ஒவ்வொரு ஸ்பைடருக்கும் தலை ஆடும். சிலவற்றுக்கு லேசாக, சிலவற்றுக்குத் தலை திருகி, உடல் தலைகீழாகப் புரண்டு, எலியைக் கொத்தப் போய் வேறெங்கோ கொத்தும் அளவுக்கு. நெருங்கிய உறவில் இனப்பெருக்கம் செய்ததால் வந்த குறை, புது ரத்தம் சேர்த்தால் போய்விடும் என்று முதலில் நம்பினார்கள். தலைமுறை தலைமுறையாகப் புது ரத்தம் சேர்த்தும் கோடு இருக்கும் இடத்தில் ஆட்டமும் இருந்தது. இரண்டு ஸ்பைடர்களைச் சேர்த்து இரட்டைப் பிரதிக் குட்டியை உயிரோடு பெற்றதாக நம்பத்தகுந்த பதிவும் இல்லை. 2022இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஸ்பைடர்களின் உள்காதை ஸ்கேன் செய்து பார்த்தபோது, சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழல்களும் சாக்குலஸ் என்ற பையும் உருக்குலைந்திருந்தன. நிறச் செல்கள் கருவில் நரம்புக் குழலின் விளிம்பிலிருந்து பிரிந்து உடலெங்கும் பரவும் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவை. காது உருவாவதிலும் அந்தக் கூட்டத்துக்குப் பங்கு உண்டு. வெள்ளைப் பூனைகளிலும் டால்மேஷியன் நாய்களிலும் செவிட்டுத்தன்மை அதிகம் காணப்படுவதும் இந்த வகைத் தொடர்பால்தான். எனவே அழகை வைத்துக்கொண்டு ஊனத்தை மட்டும் கழற்றிவிட வழி இருப்பதாகத் தெரியவில்லை.

டெசர்ட் என்ற இன்னொரு வகையின் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் அழகானது, அதுவும் பெரிய விலையோடு வந்தது. ஆனால் டெசர்ட் பெண்களால் முட்டையிட்டுக் குட்டி பெற முடியவில்லை. முட்டை உள்ளேயே தங்கி இறந்தவையும் உண்டு. செய்தி பரவியதும் டெசர்ட் சந்தையிலிருந்து ஏறக்குறைய மறைந்துபோனது. தடையும் இல்லை, போராட்டமும் இல்லை. வாங்க ஆளில்லை, அவ்வளவுதான். ஸ்பைடரோ உண்ணும், இணை சேரும், முட்டையிடும். தலை ஆடுவது வளர்ப்பாளரின் வரவு செலவில் எங்கும் பதிவாவதில்லை. ஆகவே அது கால் நூற்றாண்டாகப் பெருகிக்கொண்டிருக்கிறது. இனப்பெருக்கத்தைக் கெடுக்கும் குறையைச் சந்தை தானே களைந்துவிடுகிறது. பாம்பை மட்டும் வதைக்கும் குறையைக் களைய அதற்கு எந்தக் காரணமும் இல்லை. ‘நல்ல வளர்ப்பாளர்கள் தாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்வார்கள்’ என்ற வாதத்தை நான் ஏற்க முடியாததற்கு இதுவே காரணம். அவர்கள் ஒழுங்குபடுத்தத்தான் செய்தார்கள், டெசர்ட்டை.

ஸ்பைடருக்குத் தடை வெளியிலிருந்துதான் வந்தது. பிரிட்டனின் சர்வதேச ஊர்வன ஆர்வலர் சங்கம் 2018இல் தன் கண்காட்சிகளில் ஸ்பைடர் விற்பனையை நிறுத்தியது. ஜெர்மன் விலங்குநலச் சட்டத்தில் துன்பம் தரும் இனப்பெருக்கத்துக்கு எதிரான தனிப் பிரிவே இருக்கிறது. அமெரிக்காவில் அப்படித் தேசிய அளவில் எதுவும் இல்லை. பேஸ்டலோடு ஸ்பைடரைச் சேர்த்தால் வருவது பம்பிள்பீ, சூப்பர் பேஸ்டலோடு சேர்த்தால் கில்லர் பீ. இரண்டு பெயரிலும் ஸ்பைடர் என்ற சொல் இல்லை, இரண்டிலும் அதன் மரபணு உண்டு. வோமா, ஷாம்பெயின் வகைகளிலும் தலையாட்டம் அறியப்பட்டதே. முதல்முறை வாங்குகிறவர், பாம்பு பெட்டியில் சுருண்டு கிடக்கும்போது எடுத்த புகைப்படத்தைத்தான் பார்க்கிறார். அந்த நிலையில் ஆட்டம் தெரியாது. உயிருள்ள எலியைக் கண்டு அது தலை தூக்கும்போது எடுத்த காணொளியை விற்பவரிடம் கேட்டால் தெரிந்துவிடும்.